மாமியார் குரல்

ஜனவரி 22, திங்கள்

அடுப்படிக் குழாய் மறுபடியும் ஒழுகுகிறது. பிளம்பர் சேட்டு புதன்கிழமை வருகிறேன் என்றான். எந்த மாதத்துப் புதன் என்று கேட்டு வைத்திருக்க வேண்டும்.

காலையில் பேப்பரைப் பிரித்ததும் காப்பி புரையேறிவிட்டது. ‘ஈரக் கண்ணாடி’ பிரிண்ட் கிடைத்துவிட்டதாம்! எண்பத்து நாலில் வந்து, ஒரே வாரத்தில் தியேட்டரை விட்டு ஓடிய படம். எங்கேயோ ஒரு பழைய லேபில் டப்பா டப்பாவாகக் கிடந்திருக்கிறது. ஒரு திரைப்படச் சங்கத்துப் பிள்ளைகள் சுத்தம் செய்து, பிப்ரவரி பதினெட்டாம் தேதி திரையிடப் போகிறார்கள். ஒரு விமர்சகர் அரைப் பக்கத்துக்கு உருகியிருக்கிறார். யாரும் கவனிக்காமல் விட்ட மனோதத்துவ மர்மப் படமாம். போகட்டும். “ஒரே படத்தோடு காணாமல் போன ரேணுஸ்ரீயின் குரல்தான் இந்தப் படத்தின் உண்மையான மர்மம்” என்று முடித்திருக்கிறார்.

ரேணுஸ்ரீயின் குரலா? அது என் குரல் ஐயா, என் குரல்!

அந்தப் பெண் நாகர்கோவில்காரி. மூக்கால் பேசுவாள். வாக்கியம் முடிகிற இடத்தில் குரல் மேலே ஏறிக்கொள்ளும். ஊட்டி எஸ்டேட் முதலாளியின் மனைவி அப்படிப் பேசினால் எடுபடாது என்று என்னைக் கூப்பிட்டார்கள். எனக்கு இருபத்திரண்டு வயது. மூன்று நாள் மைக் முன்னால் நின்று பேசினேன். டைட்டிலில் மேக்கப் உதவியாளரின் பெயர்கூட வந்தது. என் பெயர் வரவில்லை. அப்போது டப்பிங்காரர்களுக்குப் பெயர் போடுகிற வழக்கமே கிடையாது. போட்டால் கதாநாயகிக்கு மதிப்புக் குறைந்துவிடுமாம்.

கதை இதுதான். எஸ்டேட் முதலாளியின் மனைவி வசந்தா அருவியில் விழுந்து இறந்துவிடுகிறாள். ஒரு வருஷம் கழித்து மைத்துனன் ஒருத்தியைக் கூட்டி வந்து, “அக்கா பிழைத்துவிட்டாள், ஞாபகம்தான் போய்விட்டது” என்கிறான். உண்மையில் அவள் மாலதி என்ற நாடக நடிகை. சொத்துக்காக ஏமாற்று. முதலாளி நம்பிக் குடும்பம் நடத்துகிறார். நான் டைரக்டரிடமே கேட்டேன்: “முகம் ஒண்ணா இருக்கலாம் சார். கட்டின பொண்டாட்டியோட குரல் புருஷனுக்குத் தெரியாதா?”

“உனக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?”

“இல்ல சார்.”

“அப்போ டயலாக்கைப் படி.”

இன்னும்தான் ஆகவில்லை. கேள்வியும் அப்படியே நிற்கிறது.

ஜனவரி 23, செவ்வாய்

சங்கத்துக்குப் போன் போட்டேன். பிரகதீஸ் என்று ஒருவர் எடுத்தார். விஷயத்தைச் சொன்னேன். “பாப்பா, வீட்ல பெரியவங்க யாராவது இருந்தா குடுங்க” என்றார். எல்லாரும் இதையேதான் சொல்வார்கள். கேஸ் ஏஜென்சிக்காரனுக்கு நான் பத்து வருஷமாகப் பாப்பா. உடம்புக்கு அறுபத்திரண்டு ஆகிவிட்டது, குரலுக்கு இன்னும் ஆகவில்லை.

“நான் வசந்தா இல்லை. ஆனா வசந்தா இல்லாத இந்த வீட்ல என்னால இருக்கவும் முடியலை” என்று படத்தின் வசனத்தை அப்படியே பேசிக் காட்டினேன். அந்தப் பக்கம் ஏதோ கீழே விழுந்த சத்தம். பிறகு கத்தினார். “மேடம்! ஆள்மாறாட்டப் படத்துக்குள்ளேயே ஒரு ஆள்மாறாட்டமா! அன்னிக்கு மேடையில நீங்களே வந்து சொல்றீங்க. அதுவரைக்கும் யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க. திரையில உங்க பேரைப் போடுறேன்.”

இரண்டு தோசை அதிகமாகச் சாப்பிட்டேன்.

ஜனவரி 24, புதன்

சேட்டு வந்தான்! வந்து, வாஷரை மாற்றுகிறேன் என்று இருந்த திருகையும் உடைத்துவிட்டான். அடுப்படியெல்லாம் தண்ணீர். “ஏண்டா, உனக்கு வேலை சொல்லிக் குடுத்தவன் யாரு? அவனை முதல்ல கூட்டிட்டு வா, அவனுக்கு ரெண்டு விட்டுட்டு உனக்கு விடுறேன்!” என்று தெருவே கேட்கத் திட்டிக்கொண்டிருக்கும்போது மணி அடித்தது. சேட்டின் உதவியாள் என்று நினைத்து, ஒன்றும் பேசாமல் கதவைத் திறந்தேன்.

வெளியே ஒரு பெண். நாற்பது வயதை ஒட்டி இருக்கும். பருத்திப் புடவை, தோளில் பை. சற்று நேரமாகவே நிற்பவள்போல் சுவரில் கை ஊன்றி நின்றாள். என்னையே பார்த்தாள்.

“நான் பகவதி. நாகர்கோவில்ல இருந்து வாறேன். ரேணுஸ்ரீயோட மக.”

கதவைப் பிடித்தபடியே நின்றேன். அவளே பேசினாள். அவளுடைய அம்மா ஒரு படத்தோடு ஊருக்குத் திரும்பிக் கல்யாணம் செய்துகொண்டாளாம். பகவதிக்கு ஒரு வயது ஆகும்போது மஞ்சள் காமாலையில் போய்விட்டாளாம். படத்தை இவள் பார்த்ததே இல்லை. ஆனால் ரேடியோவில் அதை ஒலிச்சித்திரமாகப் போட்டபோது அப்பா கேசட்டில் பிடித்து வைத்திருக்கிறார்.

“அம்மா முகத்துக்கு போட்டோ இருக்கு. மத்தபடி என்கிட்ட இருக்குறது அவங்க குரல் மட்டும்தான். அந்தக் கேசட்டைக் கேட்டாத்தான் சின்னதுல தூங்குவேனாம். பேப்பர் பாத்து சங்கத்துக்குப் போன் போட்டேன், நீங்க அந்தப் படத்துல வேலை செஞ்சவங்கன்னு பிரகதீஸ் சார் சொன்னார். அம்மாவைப் பாத்திருக்கீங்களா?”

நான் வாயைத் திறந்தால் அவளுடைய அம்மா அல்லவா பேசுவாள்!

திறந்தேன். வந்தது மாமியார் குரல். இந்தி சீரியல்களுக்கு நான் வைத்திருக்கும் குரல் அது. தொண்டையை இறுக்கிக் கரகரவென்று பேச வேண்டும், அரை மணிக்கு மேல் தாங்காது. “வாம்மா, உள்ள வா. அவங்களைப் பாத்திருக்கேன். நான் அதுல வேலைக்காரிக்கு டப்பிங் பேசினேன்” என்றேன்.

அடுப்படியிலிருந்து சேட்டு எட்டிப் பார்த்தான். “என்னம்மா, திடீர்னு தொண்டை கட்டிக்கிச்சு?” பார்வையாலேயே அவனை உள்ளே அனுப்பினேன். நல்லவேளை, பகவதி அதைக் கவனிக்கவில்லை. தரையில் தேங்கியிருந்த தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டாள். வாயில் மிளகைப் போட்டுக்கொண்டு இதை எழுதுகிறேன்.

ஜனவரி 27, சனி

பகவதி மறுபடி வந்தாள். ஏதோ ஆசிரியர் பயிற்சிக்காகச் சென்னைக்கு வந்திருக்கிறாள். வேதியியல் டீச்சர். வடபழனியில் சித்தப்பா வீட்டில் தங்கல். நான் உப்புமா கிண்டினேன். நன்றாக இல்லை. இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டாள்.

அவளிடம் அவளுடைய அம்மாவைப் பற்றிச் சொன்னேன். ரெக்கார்டிங் தியேட்டருக்கு ஒரு நாள் வந்து பின் வரிசையில் உட்கார்ந்திருந்தாள், என்னை எக்கா என்று கூப்பிட்டாள், தாழம்பூ நிறத்தில் தாவணி என்றெல்லாம். என்னைவிட இரண்டு வயது சின்னவள். “அப்போ நீங்க எனக்குப் பெரியம்மா” என்றாள். அப்படியே வைத்துக்கொண்டேன். ஒருவர் ஆசையாகச் சொல்லும்போது வேண்டாம் என்பானேன்.

“ஒரு விஷயத்துல மட்டும் எனக்கு வருத்தம் பெரியம்மா. அம்மா குரல் கொஞ்சமாச்சும் எனக்கு வந்திருக்கக் கூடாதா? என் குரலைக் கேட்டா கிளாஸ்ல பிள்ளைங்க கிண்டல் பண்ணும். அப்பா குரலும் இல்ல. எங்க இருந்து வந்த குரலோ.”

எனக்கே அதுதான் தோன்றியது. மெல்லிய குரல், மூக்கில் உரசிக்கொண்டு, முடிவில் ஏறிவிடுகிறது. மைக்குக்கு ஆகாது. இதை அவளிடம் சொல்லவில்லை.

திடீரென்று, “பெரியம்மா, இதைக் கொஞ்சம் வாசிச்சுக் காட்டுங்களேன், கண்ணாடி கொண்டு வரலை” என்று பேப்பரை நீட்டினாள். மாமியார் குரலில் தங்கம் விலை வாசித்தேன். கன்னத்தில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். சிரிப்பை அடக்குவதுபோல இருந்தது. விலை அப்படி.

ஜனவரி 30, செவ்வாய்

தொண்டை ரணம். சுக்குக் கஷாயம். குழாய் ஒழுகுகிறது.

பிப்ரவரி 3, சனி

பகவதி ஊருக்குப் போய்விட்டாள். பதினேழாம் தேதி அப்பாவைக் கூட்டிக்கொண்டு வருகிறாளாம். தினமும் போன் செய்கிறாள். போன் மணி அடித்ததும் தொண்டையைச் செருமி மாமியாருக்கு மாறிக்கொள்கிறேன். இன்று அடிக்கவில்லை. சாயங்காலம்வரை இரண்டு மூன்று முறை போனில் சார்ஜ் இருக்கிறதா என்று பார்த்தேன். இருந்தது.

மேடையில் நான் உண்மையைச் சொன்னால் அவளுக்கு எப்படி இருக்கும் என்று பிரகதீஸ் யோசித்தாரா என்று தெரியவில்லை. நான் மட்டும் ஏன் யோசிக்க வேண்டும்? நான் ஒன்றும் திருடவில்லை. என்னுடையதைத் திருப்பிக் கேட்கிறேன்.

பிப்ரவரி 8, வியாழன்

தெரியாத நம்பர். கேஸ்காரன் என்று நினைத்து என் குரலிலேயே “ஹலோ, யாரு?” என்றேன்.

ஒரு கிழவரின் குரல் மெல்ல, “நீங்கதானாம்மா அது?” என்றது.

பகவதியின் அப்பா தாணுமாலயன். அவள் பள்ளிக்கூடம் போன நேரம் பார்த்துப் பேசுகிறார். ரேணுஸ்ரீயின் போட்டோவுக்கு அனுமதி கேட்ட பிரகதீஸ், ‘மேடையில் ஒரு அதிசயம் இருக்கிறது’ என்று ஆர்வக் கோளாறில் அவரிடம் உளறியிருக்கிறார்.

“எம்மா, எனக்கப் பொண்டாட்டிக்க குரல் எனக்குத் தெரியாதா? அந்தக் கேசட்டுல பேசுதது அவ இல்லன்னு எனக்கு அன்னைக்கே தெரியும். புள்ளைக்கு ரெண்டு வயசு. ராத்திரியும் பகலும் அழுகை. ரேடியோவுல புடிச்சதைப் போட்டேன். ‘உங்கம்மை பேசுதா பாரு’ன்னு வாயில வந்துட்டு. உடனே தூங்கிட்டா. பொறவு அதை எப்படிம்மா மாத்திச் சொல்லுவேன்? ஒவ்வொரு வருசமும் சொல்லணும்னு நெனப்பேன். அவ அந்தக் கேசட்டைத் துணியில சுத்தி வச்சிருக்கதைப் பாத்தா நாக்கு எழும்பாது.”

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “அப்போ என் குரலை இனாமா எடுத்து உங்க வீட்டுக்காரிக்குக் குடுத்துட்டீங்க. சினிமாக்காரங்கதான் அப்படிப் பண்ணாங்கன்னா நீங்களுமா? இந்த ஒரு படத்துலயாவது என் பேர் வரட்டும்னு காத்திட்டிருக்கேன் சார்!”

“தப்பு எனக்கத்தான். நீங்க கேக்குதது நியாயம். நான் உங்களைத் தடுக்க முடியாது. ஆனா அவளுக்கு அம்மைன்னா அந்தக் குரல்தான். அதையும் எடுத்துட்டா அவ கையில என்ன இருக்கும்?”

“உங்களுக்கு மட்டும் என்ன இருக்கு?” என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

“எனக்குக் குறையில்லம்மா. தங்கபுஷ்பத்துக்க குரல் எனக்கு வீட்டுலயே இருக்கு. தெனமும் கேக்கேன்” என்றார். ரேணுஸ்ரீயின் நிஜப் பெயர் தங்கபுஷ்பம். மனிதர் ஏதோ உளறுகிறார், வயதாகிவிட்டது. யோசிக்கிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

பிப்ரவரி 12, திங்கள்

அன்றைக்குத் திரையில் போடப்போகும் ஸ்லைடைப் பிரகதீஸ் போனில் அனுப்பினார். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து: ‘ரேணுஸ்ரீக்குக் குரல்: சி. தமயந்தி.’ கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தேன். கழற்றிவிட்டும் தெரிகிறது, அவ்வளவு பெரிய எழுத்து.

என் அப்பா இருந்திருந்தால் தெருவெல்லாம் காட்டிவிட்டு வந்திருப்பார். கொஞ்சம் அழுதேன்.

பிப்ரவரி 17, சனி

பகவதியும் அப்பாவும் காலை ரயிலில் வந்து இறங்கிவிட்டார்கள். பத்து மணிக்கு முந்திரிக்கொத்து டப்பாவோடு அவள் மட்டும் வந்தாள். அப்பாவுக்கு முழங்கால் வலி, சித்தப்பா வீட்டில் படுத்திருக்கிறார். நேந்திரம்பழ நிறத்தில் ஒரு புதுப்புடவையை எடுத்துக் காட்டினாள். நாளைக்குக் கட்டவாம். “கல்யாணத்துக்குக்கூட இப்படி யோசிச்சு எடுக்கலை பெரியம்மா. அந்தக் குரல் பேசும்போது அம்மா உதடு அசையுறதை நாளைக்குத்தான் மொதத் தடவையாப் பாக்கப் போறேன்.” சொல்லிக்கொண்டே புடவையை மடித்தாள். மடிப்பு சரியாக வராமல் திரும்பத் திரும்ப மடித்தாள்.

அவள் போனதும் பிரகதீஸைக் கூப்பிட்டேன். “அந்த ஸ்லைடை எடுத்துடுங்க.”

“மேடம்! பிரெஸ் வருது. இதுதான் நியூஸே! நாப்பது வருஷ அநியாயம்னு நீங்கதானே சொன்னீங்க?”

“நான்தான் சொன்னேன். இப்பவும் நான்தான் சொல்றேன். எடுங்க.”

“ஏன்னு காரணமாவது சொல்லுங்க.”

“காரணம் நேந்திரம்பழ நிறத்துல ஒரு புடவை” என்றேன். அவருக்குப் புரியவில்லை. மேடைக்கு மட்டும் வந்தே ஆக வேண்டும் என்றார். வருகிறேன் என்றேன்.

எனக்கு ஆத்திரமாகத்தான் இருக்கிறது. எழுதிவிட்டால் குறையும் என்பார்கள். குறையவில்லை.

பிப்ரவரி 18, ஞாயிறு

படத்தை இன்றுதான் முழுதாகப் பார்த்தேன். டப்பிங்கில் துண்டு துண்டாகத்தான் ஓட்டுவார்கள். நமக்கு நம் ஆளின் உதடு மட்டுமே கண்ணில் இருக்கும். எதிரில் நிற்பவன் முகத்தை யார் பார்த்தார்கள்?

இன்று பார்த்தேன். மாலதி அந்த வீட்டு வாசலில் நின்று முதல் வார்த்தை பேசுகிறாள், என் குரலில், “நான் வந்துட்டேன்” என்று. எஸ்டேட் முதலாளி கண்ணை மூடிக்கொள்கிறார். ஒரு கணம்தான். திறந்து, “உள்ள வா, பனி பெய்யுது” என்கிறார். அவ்வளவுதான். அந்த ஆளுக்கு முதல் வார்த்தையிலேயே தெரிந்துவிட்டது! தெரிந்துதான் படம் முழுக்க வாழ்கிறார். டைரக்டர் இதை என்னிடம் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் வேறு மாதிரிப் பேசித் தொலைத்திருப்பேனோ என்னவோ. எவ்வளவு நல்ல படம்! இதையா ஒரு வாரத்தில் தூக்கினார்கள்!

எனக்கு முன் வரிசையில் தாணுமாலயன். மெலிந்த மனிதர். அவர் திரையையே பார்க்கவில்லை, மகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பகவதி இமைக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

முடிந்ததும் மேடைக்குக் கூப்பிட்டார்கள். மைக் கைக்கு வந்தது. மாமியார் குரலில், “நான் இதுல வேலைக்காரிக்கு டப்பிங். ‘அம்மா, காப்பி கொண்டு வரட்டுமா’ன்னு ஒரு வசனம்” என்றேன். சிரித்தார்கள். நிஜத்தில் அதை யார் பேசினார்களோ, மன்னிக்கட்டும். கூட்டத்தில் ஒருவர், அதே விமர்சகர்தான் என்று நினைக்கிறேன், ரேணுஸ்ரீயின் குரலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லச் சொன்னார்.

“அந்த மாதிரிக் குரல் இனிமே வராது” என்றேன்.

அரங்கமே கை தட்டியது. என்னை நானே பாராட்டி, கைதட்டலை இன்னொருத்திக்கு வாங்கிக் கொடுத்தவள் உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். பிரகதீஸ் முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டிருந்தார். கீழே இறங்கும்போது தாணுமாலயன் எழுந்து நின்று கும்பிட்டார். நானும் கும்பிட்டேன்.

பிப்ரவரி 19, திங்கள்

மத்தியானம் பகவதி வந்தாள். சாயங்காலம் ரயில். நான் அடுப்படியில் சொட்டுகிற குழாய்க்குக் கீழே பாத்திரம் வைத்துக்கொண்டிருந்தேன். அவளும் அங்கேயே வந்து தரையில் உட்கார்ந்தாள்.

“பெரியம்மா, தொண்டை வலிக்கலையா?”

“எதுக்கும்மா?” என்றேன், மாமியாராக.

“இப்படிப் பேசிப் பேசி.”

கையிலிருந்த பாத்திரம் நழுவிவிட்டது.

“மொத நாளே தெரியும் பெரியம்மா. கதவுக்கு வெளிய நின்னேன், நீங்க பிளம்பரை வைஞ்சிட்டு இருந்தீங்க. எங்கம்மா உயிரோட இருந்து பிளம்பரை வைஞ்ச மாதிரி இருந்துச்சு. மணி அடிக்கக்கூட மனசு வரலை. கேட்டுட்டே நின்னேன். பொறவு கதவைத் திறந்து வேற குரல்ல பேசுனீங்க. அப்போதான் முழுசாப் புரிஞ்சுது. எனக்காக ஒளிக்கீங்கன்னு தெரிஞ்சுது. எனக்குக் கேக்கத் தைரியம் வரலை.”

“அடிப்பாவி” என்றேன். என் குரலில்தான் வந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். நேற்றுத் திரையில் பார்த்த அதே மாதிரி.

“அழுதியா?” என்று கேட்டேன்.

“அன்னைக்கு ராவு முழுக்க அழுதேன். அம்மா ரெண்டாவது தடவை செத்த மாதிரி இருந்துச்சு. மறுநாள் உங்க நம்பருக்குத்தான் கூப்பிடத் தோணுச்சு.” மூக்கை உறிஞ்சினாள். “நேத்து உங்க பேரைச் சொல்லுவீங்கன்னு தயாராத்தான் வந்தேன். கைகூடத் தட்டியிருப்பேன்.”

“கழுதை. முன்னாடியே சொல்லித் தொலைக்கிறதுக்கு என்ன?”

அழுதுகொண்டே சிரித்தாள். பிறகு என் முழங்காலைத் தொட்டாள். “எங்கம்மா நெசமா எப்படிப் பேசுவாங்க? அப்பாகிட்ட நான் கேக்க முடியாது. நீங்க கேட்டிருக்கீங்கல்லா?”

கேட்டிருக்கிறேன். ஒரே ஒரு வாக்கியம். ரெக்கார்டிங் இடைவேளையில் பின் வரிசையிலிருந்து எழுந்து வந்து என்னிடம் கேட்டாள். அன்றைக்கு எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. யார் குரலையும் ஒரு முறை கேட்டால் எனக்கு மறக்காது, அதுதான் என் பிழைப்பு. ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தேன். மைக் முன்னால் நிற்பதுபோல் நிமிர்ந்து நின்று, தங்கபுஷ்பம் பேசிய மாதிரியே பேசினேன்.

“எக்கா, எனக்க சத்தம் அவ்வளவு மோசமாவா இருக்கு?”

மூக்கில் உரசி, முடிவில் மேலே ஏறியது. பேசி முடிக்கும்போதே எனக்குப் புரிந்துவிட்டது. கிழவர் உளறவில்லை.

பகவதி என்னைப் பார்த்தாள். அதே வாக்கியத்தை அவளும் மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள். இன்னொரு முறை சொன்னாள். இரண்டுக்கும் நூலளவு வித்தியாசம் இல்லை.

“இது என் சத்தம்லா பெரியம்மா” என்றாள்.

“இல்லடி. உங்கம்மா சத்தம்.”

என் மடியில் தலை வைத்து அழுதாள். அழுகையும் அதே குரல்தான். நான் தலையைத் தடவிக்கொண்டிருந்தேன். எனக்கு வேறென்ன தெரியும்?

கிளம்பும்போது வாசலில் நின்று, “எனக்குத் தெரியும்னு அப்பாகிட்ட மட்டும் சொல்லிராதீங்க. பாவம், இத்தனை வருசம் கட்டிக் காப்பாத்தியிருக்காரு” என்றாள். சரி என்றேன். அப்பனும் மகளும் ஆளுக்கொரு பூட்டைப் போட்டுச் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போகிறார்கள்.

எட்டு மணிக்கு ரயிலிலிருந்து போன் வந்தது. தொண்டையைச் செருமி மாமியாருக்கு மாறி, “சொல்லும்மா” என்றேன்.

“பெரியம்மா, அப்பா தூங்கிட்டாரு. உங்க குரல்லயே பேசுங்க.”

பேசினேன். விழுப்புரத்தில் ஆரம்பித்தது, திருச்சி வரைக்கும் போயிற்று.